மூன்று கொட்டகைகளிலும் முன்னோட்டப் பதிப்பை ஏற்றியது நான்

என் பெயர் மாரென் ஓவர்கோர். வயது பதினைந்து, சென்ற ஜூன் ஒன்பதாம் தேதி நிறைந்தது. தகப்பனார் பெயர் பிரெபன் ஓவர்கோர். லின்ட்ரூப் சாலை 14ஆம் எண்ணில் உள்ள எங்கள் பன்றிப் பண்ணையில் அவருடன் வசிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை உங்கள் காவல் அதிகாரி எங்கள் சமையலறையில் என்னை விசாரித்தபோது அப்பா என் அருகில் உட்கார்ந்திருந்தார். எனக்கு எதுவும் தெரியாது என்று அப்போது சொன்னேன். அது பொய். அப்பா தூங்கிய பிறகு இதைக் கையால் எழுதுகிறேன்.

எங்கள் பண்ணையில் மூன்று கொட்டகைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் காற்று விசிறிகளை ஓட்டும் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்கான சாப்ட்வேர் இரண்டு விதமாக வருகிறது. நிலையான பதிப்பு ஆண்டுக்கு ஒருமுறை, மற்ற பண்ணைகளில் ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் ஓடிய பிறகு வரும். முன்னோட்டப் பதிப்பு மாதாமாதம் வரும். புது வசதிகள் முதலில் அதில்தான் இருக்கும், கோளாறுகளும் அதில்தான் இருக்கும். அப்பா அந்தப் பெட்டியைத் தொடமாட்டார். பன்னிரண்டு வயதிலிருந்து அந்த வேலை என்னுடையது. இதுவரை நிலையான பதிப்பைத் தவிர வேறு எதையும் நான் ஏற்றியதில்லை.

ஆகஸ்ட் 20, புதன்கிழமை, மாலை சாப்பாட்டின்போது அப்பா மணிக்கு மணி மாறும் மின்கட்டணத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டணம் ஏறும் நேரத்தில் விசிறிகளைத் தானே மெதுவாக்கும் வசதி முன்னோட்டப் பதிப்பில் வந்திருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார்.

"ஏழு மணிக்கு கரண்ட் விக்கிற விலையில அதுங்களுக்கு விசிறி சுத்துது. நமக்கே அவ்வளவு காத்து இல்ல. அதை ஏத்திடு மாரென்" என்றார்.

எட்டு ஆண்டுகளாக எங்களிடம் வேலை செய்யும் ருமேனியாக்காரர் டோரின் அன்று எங்களுடன் சாப்பிட்டார். "மூணாவது கொட்டகை காலியாத்தானே கெடக்கு, பிரெபன். கழுவிக் காயவிட்டிருக்கேன். அங்க ரெண்டு வாரம் ஓடட்டும். செத்தா ஈதான் சாகும்" என்றார். அப்பா சிரித்தார். நான் சரி என்றேன். "சின்ன முதலாளி சொல்லிட்டா அப்பீல் கிடையாது" என்று சொல்லி டோரின் தட்டைக் கழுவப் போனார்.

வியாழக்கிழமை காலிக் கொட்டகையில் அதை ஏற்றினேன். கோளாறு எதுவும் இல்லை. அதன் பிறகு வெள்ளிக்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது எங்கள் ஊருக்கு மிக அதிகமான இருபத்தொன்பது டிகிரி வெயில் இருந்தது, அன்று மாலைக் கட்டணம் அந்த வாரத்திலேயே அதிகமாக இருந்தது, அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "ஒரு நாள் ஓடிடுச்சுல்ல. மத்த ரெண்டுலயும் போட்டுடு. டோரின் பேச்சைக் கேட்டா கிறிஸ்துமஸ் வந்துடும்" என்றார். காலிக் கொட்டகையில் சூடு கிளப்ப ஓர் உயிரும் இல்லாததால் அந்தச் சோதனை எதையும் காட்டாது என்று எனக்குத் தெரியும். அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. புதிய பதிப்பை இந்தப் பக்கத்தில் முதலில் ஓட்டியது நானாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

ஏற்றும் முன் திரையில் எச்சரிக்கை வந்தது. உயிருள்ள விலங்குகள் இருக்கும் இடத்தில் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றும், ஏற்றிய பின், கோளாறு வந்தால் பெட்டி கைபேசிகளுக்கு விடும் அபாய அழைப்புக்கான எண்களை மறுபடி பதிய வேண்டும் என்றும் இருந்தது. அதன் கீழே உள்ள கட்டத்தில் குறியிட்டால்தான் மேலே போக முடியும். படிக்காமல் குறியிட்டேன் என்று சொல்லமாட்டேன். படித்தேன். அதன் பிறகு ஹேண்ட்பால் பயிற்சிக்கு நேரமாகி, அப்பா காரிலிருந்து ஹார்ன் அடித்ததால், எண்களை வந்து பதியலாம் என்று போனேன். வந்து பதியவில்லை.

பெட்டியைத் திறக்க டோரினின் இரகசிய எண்ணைப் போட்டேன். அது பெட்டியின் மேல் ஒட்டுநாடாவில் எழுதியிருக்கும். நாங்கள் மூவரும் அதைத்தான் போடுவோம். பதிவில் அவர் பெயர் இருப்பது அதனால்தான்.

சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு டோரின் கதவைத் தட்டினார். மாலையில் மெதுவாகிப்போன விசிறிகள் கட்டணம் இறங்கிய பிறகும் வேகம் பிடிக்கவில்லை. யாருக்கும் அழைப்பு வரவில்லை. இரண்டாம் கொட்டகையில் இருந்தவை அதிகம் சூடு கிளப்பாத குட்டிகள் என்பதால் பிழைத்தன. முதல் கொட்டகையில் முந்நூற்றுப் பதினொன்று இறந்துகிடந்தன. கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி உண்டு. எல்லா மூக்குகளும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தன. டோரின் கதவுகளைத் திறந்துவிட்டு, உயிரோடு இருந்தவற்றின் மேல் தண்ணீர் அடித்தார். நான் குழாயைப் பிடித்தேன். அதன் பிறகு அவர் பெட்டியின் திரையைப் பார்த்தார். "இது யாரு ஏத்துனது, மாரென்?" என்று கேட்டார். நான் குழாயை அடுத்த பன்றியின் மேல் திருப்பினேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

அதன் பிறகு அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பழசைப் போட்டுடு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். ஆறு பத்துக்கு நிலையான பதிப்பைத் திரும்ப ஏற்றினேன். ஏழு மணிக்கு அவர் உங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். விடுப்புத் தராத கோபத்தில் டோரின் அபாய அழைப்பை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். டோரின் விடுப்பு கேட்கவே இல்லை.

குற்றம் உறுதியானால் டோரினை இனி இந்த நாட்டில் எந்தப் பண்ணையிலும் வேலை செய்ய விடமாட்டார்கள் என்று அப்பாவே நேற்று சொன்னார். நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். "உனக்கு ஒண்ணும் ஆகாது. பண்ணைதான் போகும். அப்புறம் நீ எங்க தூங்குவ?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

உங்கள் அதிகாரி அபாய அழைப்புப் பக்கத்தை மட்டும் பார்த்தார். பதிப்பு மாறியது வேறு பக்கத்தில் பதிவாகும். வெள்ளி மாலை 4.52, சனி காலை 6.10 என்று அங்கே இருக்கும். முன்னோட்டப் பதிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி என்று சாப்ட்வேர் நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல் என் பள்ளி முகவரிக்கு வந்திருக்கிறது. அதை அழிக்கவில்லை. எனக்குப் பதினைந்து நிறைந்துவிட்டதால் என்மேல் வழக்குப் போடலாம் என்பதும் தெரியும்.

நாளை காலை 7.20 பேருந்தில் பள்ளியில் இறங்காமல் உங்கள் நிலையத்துக்கு வந்து இதை நேரில் தருவேன். இதைப் படித்து முடிக்கும் முன் வீட்டுக்குத் தொலைபேசி செய்ய வேண்டாம். என்னை விசாரிக்கும்போது அப்பா கூட இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருந்தால், இருக்கட்டும். அவர் முகம் தெரியாத நாற்காலியில் என்னை உட்கார வையுங்கள்.

இதில் உள்ளது நான் செய்ததும் கண்டதும் கேட்டதும் மட்டுமே. யாரும் சொல்லித் தரவில்லை. யார் சொன்னாலும் மாற்றிச் சொல்லமாட்டேன்.

(ஒப்பம்) மாரென் ஓவர்கோர்
ஆகஸ்ட் 28, வியாழன்