போர்வையின் மறுமுனை

– இழுக்காதீங்க மெக்கானிக்கு. சும்மா பிடிச்சுக்கிட்டா போதும்.

– நான் மெஷினைப் பாக்க வந்தேன்க்கா.

– மெஷின் எங்க ஓடிடப் போகுது? நின்னு போய்த்தானே கிடக்கு. அந்த முனையைக் கொஞ்சம் தூக்குங்க. அடித்துணி சுருங்குது பாருங்க.

– எது அடித்துணி?

– இத்தனை தடவை பிடிச்சிருக்கீங்க, இன்னுமா தெரியல? கீழ வெள்ளையா இருக்கே, அது அடித்துணி. நடுவுல பஞ்சு. மேல நான் துண்டு துண்டா ஒட்டுப் போட்டுத் தெச்சது. மூணும் ஒண்ணுமேல ஒண்ணு சுருக்கமில்லாம உக்காரணும். அப்புறம்தான் ஊக்கு குத்த முடியும். ஒத்த ஆளா பண்ணினா, இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் வந்துடுது. அந்தப் பக்கம் போய் இழுத்தா இந்தப் பக்கம் வந்துடுது. கட்டிலைச் சுத்திச் சுத்தி வர நான் என்ன செக்குமாடா?

– பிடிச்சாச்சு. குத்துங்க.

– அப்படியே இருங்க. மூச்சுகூட மெதுவா விடுங்க.

– கதவைச் சாத்திடட்டுமா? காத்து அடிச்சு துணி தூக்குது.

– வேண்டாம், திறந்தே இருக்கட்டும். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பாத்தா ரிப்பேர் வேலை நடக்குதுன்னு தெரியணும். உங்க பையைக் காலால வாசப்பக்கம் தள்ளுங்க. ஸ்பேனர் தெரியுற மாதிரி.

– இந்த மெஷினுக்கு ஸ்பேனரே தேவையில்லக்கா.

– அது அவளுக்குத் தெரியுமா?

– சரிதான். மூலையில அந்தப் பெட்டி என்ன, இன்னும் பிரிக்கவே இல்லையா?

– கிடக்கு விடுங்க. மக வாங்கி அனுப்பினது. புது மெஷினாம். பட்டனைத் தட்டினா தானே தெக்குமாம், தானே நூலை வெட்டுமாம். அப்போ நான் எதுக்குன்னு கேட்டேன். சிரிச்சா. பெட்டி நல்லா உறுதியா இருக்கு, மேல இஸ்திரிப் பெட்டி வெச்சுக்கிறேன்.

– அதை மாட்டித் தரச் சொல்லித்தான் கடையில என்னை அனுப்பினாங்க.

– நான் கூப்பிட்டது பழசுக்கு. தையல் விட்டு விட்டு விழுந்து, நின்னே போச்சு. அதைப் பாருங்க.

– பாக்குறேன்.

– முதல்ல ஸ்டூல் மேல ஏறுங்க.

– மறுபடியுமா?

– கிட்ட நின்னு பாத்தா எனக்குத் துண்டுதான் தெரியுது, போர்வை தெரியமாட்டேங்குது. மேல நின்னு சொல்லுங்க. எங்க இடிக்குது?

– நல்லா இருக்கு.

– நல்லா இருக்குன்னு சொல்ல எதிர்வீட்டுக்காரி போதும். நீங்க எதுக்கு?

– நியாயத்துக்குச் சொல்லணும்னா... அந்தப் பச்சை. ஓரத்துல இருக்கே, அது. சுத்திலும் சாம்பலும் நீலமுமா ஒண்ணோட ஒண்ணு சேந்து இருக்கு. அது மட்டும் வீட்டை விட்டு வெளிய நிறுத்தின மாதிரி நிக்குது.

– இப்பப் போய்ச் சொல்றீங்களே. அதைப் பிரிக்கணும்னா சுத்தி இருக்குற எல்லாத்தையும் பிரிக்கணும்.

– நீங்கதானே கேட்டீங்க?

– கேட்டேன்தான். இறங்குங்க, ஸ்டூல் ஆடுது. பாக்கலாம். பக்கத்துல இன்னொரு பச்சையை மேலயே வெச்சுத் தெச்சுடறேன். ரெண்டா இருந்தா இடிக்காது.

– இந்தத் துணியெல்லாம் எங்க பிடிக்கிறீங்க?

– நான் வேலை பாத்த கம்பெனி வாசல்லதான். வெட்டிக் கழிச்ச துணியை மூட்டை மூட்டையா வெளிய தள்ளுவாங்க. ஆயுசு பூரா அங்க காலர்தான் தெச்சேன். எனக்கு அடுத்தவ கை வெப்பா, அதுக்கடுத்தவ பட்டன். தெச்ச காலரை அவ பக்கம் தள்ளிட்டா அதோட சரி. முழுச் சட்டை எப்படி இருக்கும்னு ரோட்டுல எவனாவது போட்டுட்டுப் போனாத்தான் தெரியும். எவன் கழுத்தைப் பாத்தாலும் இது நான் தெச்சதான்னு பாப்பேன். ஒருத்தன் முறைச்சான் ஒருநாள்.

– முறைக்காம என்ன பண்ணுவான்?

– காலரக்கான்னே பேரு வெச்சுட்டாளுங்க. அதான், வேலையை விட்டதும் முழுசா ஒண்ணு தெக்கணும்னு உக்காந்தேன். முதல் துண்டுலேருந்து கடைசி ஓரம் வரைக்கும் என் கையிலேயே முடியணும்.

– முடிச்சிருக்கீங்களே, கட்டில் நிறைய.

– நிறையத்தான். கட்டில்ல பாதி போர்வை அடுக்கு, பாதி நான். மக இனிமே அனுப்பாதேங்குறா. அவ வீட்டு அலமாரி மூடமாட்டேங்குதாம்.

– கீழ இறக்கி வெச்சுட்டு நல்லா நீட்டிப் படுக்கலாமே.

– இறக்கிப் பாத்தேன். அந்தப் பக்கம் வெறுமையா இருந்தா தூக்கம் வரமாட்டேங்குது. அடுக்கி வெச்சா, யாரோ கோவத்துல முதுகைக் காட்டிப் படுத்திருக்குற மாதிரி இருக்கு. அது பழக்கப்பட்டதுதானே.

– எனக்கு ஒண்ணு குடுத்தீங்க.

– ஆமா, போத்திக்கிறீங்களா?

– இல்லக்கா. அழுக்காயிடும்னு மடிச்சு வெச்சிருக்கேன்.

– நல்லா இருக்கே! போர்வை போத்திக்கிறதுக்கா, யாருக்காவது காட்டுறதுக்கா? வீட்டுல யாரு இருக்கா உங்களுக்கு?

– ரேடியோ இருக்கு.

– அதுக்காவது போத்தி விடுங்க.

– இந்தப் பக்கம் முடிஞ்சுதா? விட்டுடலாமா?

– விட்டுடுங்க. இனி நான் பாத்துக்கிறேன். நீங்க மெஷினைப் பாருங்க.

– இங்க நூல் சிக்கியிருக்கு. அந்தக் கத்திரிக்கோலைக் குடுங்க.

– அது முனை உடைஞ்சு கிடக்கு, பிளேடு தரேன். போகும்போது கத்திரியைக் கொண்டுபோய்ச் சாணை பிடிச்சுக் குடுங்க.

– துணி வெட்டுற கத்திரி. முனை எப்படி உடையும்?

– கீழ விழுந்துச்சு.

– சரி.

– என்ன, பழுது தெரிஞ்சுதா?

– தெரிஞ்சுது. ஊசி மாட்டுற கம்பி கீழ இறங்கியிருக்கு. அதைக் கவ்விப் பிடிக்கிற ஸ்க்ரூ கழண்டிருக்கு. போன தடவையும் இதே ஸ்க்ரூதான். அதுக்கு முந்தின தடவையும் இதேதான்.

– பழைய மெஷின். ஓடுற ஆட்டத்துல கழலுது.

– ஆடினா கழலும்தான். ஆனா இது நான் பசை போட்டு முறுக்கினது. கையை நீட்டுங்க.

– எதுக்கு?

– நீட்டுங்கக்கா.

– என்ன இது? ஊசித் துண்டு மாதிரி இருக்கு.

– உங்க கத்திரிக்கோல் முனை. ஸ்க்ரூ தலையில, பிளவுக்குள்ள சிக்கியிருந்துச்சு.

– டீ போடவா?

– வேண்டாம்க்கா.

– பால் இருக்கு. சக்கரை கம்மியா...

– அக்கா.

– சரி, நான்தான்! இப்ப என்னங்கிறீங்க? போலீஸைக் கூப்பிடுங்க.

– எனக்கு முன்னாடியே ஒரு சந்தேகம். துண்டு சேக்குற நாள்ல எல்லாம் நல்லா ஓடுது. மூணையும் விரிச்சு ஊக்கு குத்துற அன்னைக்குப் பாத்து நின்னுடுது. எந்த மெஷினுக்கு இந்தப் புத்தி இருக்கு?

– தெரிஞ்சா அன்னைக்கே கேக்குறதுதானே?

– கேட்டு என்ன ஆகப் போகுது. மூலையைப் பிடிக்க ஒரு ஆள்தான் வேணும்னா, எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடலாமே.

– கூப்பிட்டேன். முனையைக் கையில பிடிச்சதும், உன் மக ஏன் வர்றதே இல்லன்னு ஆரம்பிச்சா. கடைசி ஊக்கு குத்துற வரைக்கும் அதையேதான் கேட்டா. நீங்க கேக்கமாட்டீங்க.

– நான் சும்மாவே வந்து பிடிச்சுட்டுப் போவேனே.

– சும்மாவா? கையில பை இல்லாம நீங்க படியேறினா, நீங்க இறங்குறதுக்குள்ள மொட்டைமாடி வரைக்கும் போயிடும் பேச்சு. இந்த வயசுல எனக்கு அந்தப் பேரு வேணுமா? என்ன சிரிக்கிறீங்க?

– ஒண்ணுமில்ல. பேருன்னீங்களே, அதுக்குச் சிரிச்சேன்.

– அதுல என்ன சிரிப்பு?

– எனக்கும் ஒரு பேரு வந்திருக்கு. கிடக்கு விடுங்க.

– அது நான் சொல்ற வார்த்தை. நீங்க விஷயத்தைச் சொல்லுங்க.

– உங்க மக கடைக்கு போன் பண்ணியிருக்காங்க. உங்க மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்க்ரூவை வேணும்னே முறுக்காம விட்டுட்டுப் போறான், மறுபடி கூப்பிட வைக்கிறான், தனியா இருக்குற பொம்பளையை ஏமாத்திப் பிழைக்கிறான்னு. அதான் இந்தப் புது மெஷின். புதுசை மாட்டிக் குடுத்துட்டுப் பழசைத் தூக்கிட்டு வந்துடு, அப்புறம் கம்பெனி ஆள் பாத்துப்பான், நீ இனிமே அந்தப் படி ஏறாதேன்னுட்டாரு முதலாளி.

– இதைச் சொல்லாமலா இவ்வளவு நேரம் போர்வையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க?

– வந்ததும் முனையைக் கையில குடுத்துட்டீங்களே.

– முதலாளிக்கு என்ன பதில் சொன்னீங்க?

– ஒண்ணும் சொல்லல.

– ஏன்யா சொல்லல? வாயில என்ன ஊக்கா?

– என்னன்னு சொல்றது? அந்தம்மாவே கழட்டுறாங்கன்னா? சொன்னா மறுநாளே உங்க மக வந்து, அம்மாவுக்கு மூளை கலங்கிடுச்சுன்னு கையோட கூட்டிட்டுப் போயிடுவாங்க. அங்க மெஷின் வைக்க இடமில்லன்னு போன தடவை நீங்கதானே சொன்னீங்க.

– அதுக்காக நீங்க திருடனாயிடுவீங்களா?

– நியாயத்துக்குச் சொல்லணும்னா, வலிச்சுதுக்கா. ஸ்பேனர் பிடிச்ச நாள்லேருந்து என்னை ஒருத்தர் அப்படிச் சொன்னதில்ல. நான் முறுக்கினா முறுக்கினதுதான். சம்பளம் பத்தலன்னு சொல்லியிருக்கேன், லீவு கேட்டுச் சண்டை போட்டிருக்கேன். வேலையில ஏமாத்தினதில்ல. இப்ப கடையில சின்னப் பசங்கெல்லாம், அண்ணே எத்தனை ஸ்க்ரூ மிச்சம்னு கேக்குறானுங்க.

– போனை எடுங்க.

– வேண்டாம்க்கா.

– ஜன்னல்கிட்ட இருக்கு. எடுங்கங்குறேன். எனக்குக் கை நிறைய ஊக்கு.

– கொஞ்சம் யோசிச்சு...

– யோசிச்சா சொல்லமாட்டேன். குடுங்க. பாப்பா, நான்தான்... சாப்பிட்டேன், அது கிடக்கு. நான் சொல்றதைக் கேளு. மெக்கானிக்கு திருடன் இல்ல. ஸ்க்ரூவைக் கழட்டினது நான்... நான்தான்டி. கத்திரிக்கோலால... மறையெல்லாம் எனக்குக் கழலல, மெஷினுக்குத்தான் கழட்டினேன்... ஏன்னா? போர்வையை ஒருத்தியா விரிக்க முடியல, அதான்... நீ வந்து பிடிப்பியா?... தெரியும், லீவு இல்ல. நான் திட்டலையே... அங்க வரல. அது உங்க வீடு... அழாதே. அழுதா உனக்கு மூக்கடைச்சுக்கும். கடைக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லு. நாளைக்கு இல்ல, இப்பவே. அந்தப் புதுசையும் திருப்பி எடுத்துக்கச் சொல்லு. வெச்சுடறேன்.

– என்ன சொன்னாங்க?

– இப்பவே பேசுறேன்னுட்டா. அவ தப்புன்னா ஒத்துக்குவா, அந்தக் குணம் உண்டு. ஆனா இன்னொரு தடவை நீ ஸ்க்ரூவைக் கழட்டினா உடனே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன், மறு பேச்சுப் பேசக் கூடாதுன்னா. சத்தியம் வாங்கிட்டா, ஸ்க்ரூவைத் தொடமாட்டேன்னு.

– பண்ணிட்டீங்களா?

– நான் தொடமாட்டேன்னு பண்ணிட்டேன். நான் சத்தியம் பண்ணினா பண்ணினதுதான். உங்க முறுக்கு மாதிரி.

– உங்களுக்குத்தான் சங்கடமாப் போச்சு.

– உங்க மேல இருந்த அழுக்கு போச்சுல்ல? அது போதும். கத்திரிக்கோலை எடுத்துக்குங்க. சாணை பிடிச்சு யாருகிட்டயாவது குடுத்து விடுங்க, நீங்க அலைய வேண்டாம்.

– அந்தப் பெட்டியையும் தூக்கிக்கிறேன்.

– இஸ்திரிப் பெட்டியைக் கீழ வெச்சுட்டுத் தூக்குங்க. நல்ல பலகை போச்சு.

– கொஞ்சம் ஓட்டிப் பாருங்க. தையல் ஒழுங்கா விழுதா?

– விழுது. நல்லா விழுது. இந்தச் சத்தம் வந்தாத்தான் வீட்டுல ஆள் இருக்குற மாதிரி இருக்கு. மூடியெல்லாம் போட்டாச்சா?

– போட்டாச்சு.

– எல்லாத்தையும் முறுக்கிட்டீங்கல்ல?

– அடுத்த போர்வை எப்ப விரிப்பீங்க?

– அதெல்லாம் எதுக்கு இனிமே? ஆள் இல்லாம எதை விரிக்கிறது? சின்னதா, தலையணை உறை மாதிரி ஏதாவது தெச்சுக்கிறேன். என் மடியிலயே விரிச்சுக்கலாம்.

– தலையணை உறை கிடக்கு விடுங்க. போர்வைன்னா எப்ப?

– இப்ப வெட்ட ஆரம்பிச்சா அடுத்த மாசக் கடைசியாகும். எதுக்கு நோண்டி நோண்டிக் கேக்குறீங்க?

– அப்போ சரி. அதுவரைக்கும் தாங்கும்.

– எது தாங்கும்? மெக்கானிக்கு, நில்லுங்க. பெட்டியோட படியில நின்னு பேசாதீங்க. எதைச் சொல்றீங்க?

– எப்படியும் பேரு வாங்கியாச்சு, அதை ஏன் வீணாக்கணும்? ஒரு ஸ்க்ரூவை மட்டும் நான் முறுக்கலக்கா. யாரு கேட்டாலும், நீங்க தொடலன்னு சத்தியமா சொல்லலாம்.