மாடிப்படியில் பூட்ஸ் சத்தம்

இப்ப ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. பிரசங்கம்னா கண்ணு சொக்கும், கதைன்னா நிமிர்ந்து உக்காருவீங்க... நம்ம சபையை எனக்குத் தெரியாதா?

அமெரிக்கா. இன்னைக்கு நீங்க பாக்குற அமெரிக்கா இல்ல, அது புதுசாப் பொறந்து நடை பழகிட்டு இருந்த காலம். எல்லா மனுஷனும் சமம்னு எழுதி வெச்சுட்டு, தெற்குப் பக்கம் மனுஷனைச் சந்தையில வித்துக்கிட்டு இருந்தாங்க. வித்தவனும் வேதம் வாசிச்சான். விக்கக் கூடாதுன்னு எதிர்த்தவனும் அதே வேதத்தைத்தான் வாசிச்சான். எப்படி இருக்கு பாத்தீங்களா?

வடக்கே ஒரு சின்ன ஊர். அங்க ஒரு சபை. நல்ல சபைங்க... கேலி பண்ணல. சாராயத்தை ஒழிக்க ஒரு சங்கம் வெச்சிருந்தாங்க. அடிமைத்தனத்தை ஒழிக்க ஒரு சங்கம். அந்தச் சங்கத்துக்குத் தலைவி புரூடென்ஸ் அம்மா. காபியில சர்க்கரை போட மாட்டாங்க. ஏன்? "அடிமை வெட்டின கரும்பு என் வாயில படக் கூடாது." அவ்வளவு வைராக்கியம்.

ஒரு சனிக்கிழமை சங்கக் கூட்டம். லிடியான்னு ஒரு கறுப்பினப் பொண்ணு, தெற்கேயிருந்து தப்பி ஓடி வந்தவ. அவளை மேடையில ஏத்திப் பேசச் சொன்னாங்க. அவ சொல்றா... "எங்க எஜமான் காலையில ஜெபம் பண்ணுவார். ஆமென் சொன்ன கையோட சாட்டையை எடுப்பார். எங்க அக்காவை வித்த அன்னைக்கும் ஜெபம் பண்ணிட்டுத்தான் வித்தார்." கூட்டமே அழுதுச்சு. மூப்பர் பிளேக்னு ஒருத்தர், அவரைக் கேக்காம அந்தக் கோயில்ல மணி அடிக்க முடியாது. அவரே கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டார்.

மறுநாள் ஞாயிறு. லிடியா கோயிலுக்கு வர்றா. வாசல்ல அதே மூப்பர். ரொம்ப மரியாதையா... ரொம்ப அன்பா... என்ன சொன்னார் தெரியுமா? "நீ மாடிக்குப் போம்மா."

ஆமாங்க. கீழே பெஞ்சுல வெள்ளைக்காரங்க, மேலே மாடியில கறுப்பினத்தார். அதுதான் அந்தக் கோயில் வழக்கம். அடிமைத்தனம் பாவம்னு தீர்மானம் போட்ட அதே கோயில்லதான். அவங்களுக்கு அது ஒரு தப்பாவே படல.

லிடியா அப்படியே நின்னா. அவளைப் பிடிக்கத் தெற்கேயிருந்து ஆள் வந்திருக்கான்னு ஊருக்குள்ள பேச்சு. பிடிபட்டா மறுபடி சங்கிலி, மறுபடி அந்தச் சாட்டை. அவளுக்கு ஒதுங்க இருந்தது இந்த ஒரு சபைதான். இவங்களையும் பகைச்சுக்கிட்டா எங்க போவா, சொல்லுங்க? ஆனாலும் கேட்டா...

"ஐயா, நேத்து உங்களை அழ வைக்க நான் மேடையில வேணும். இன்னைக்கு ஜெபம் பண்ண மட்டும் நான் மாடியிலயா?"

மூப்பர் நெளிஞ்சார். "அது வழக்கம்மா... நானா வெச்சேன்?"

"எங்க எஜமானும் இதையேதான் சொன்னார், ஐயா."

பின்னால நின்ன புரூடென்ஸ் அம்மா காதுல இது விழுந்துச்சு. அந்த அம்மாவுக்கு முகத்தை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல. சர்க்கரையை விட்டாச்சு, இத்தனை வருஷமா இந்த மாடி மட்டும் கண்ணுல படலையேன்னு வெக்கம். முன்னால வந்தாங்க. "மூப்பரே, என் பெஞ்சுல இடம் இருக்கு."

"அம்மா, சபை உடைஞ்சிடும்."

"உடையட்டும்."

லிடியா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்துல உக்கார வெச்சாங்க. முகம் சுளிச்சவங்க சுளிச்சாங்க.

எல்லாரும் தலை குனிஞ்சு ஜெபத்துல இருக்காங்க... கதவு திறந்துச்சு. ஆள் பிடிக்கிறவன். சட்டம் அவன் பக்கம், யாரும் தடுக்க முடியாது. அவன் பெஞ்சுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா மாடிப்படி. டக்... டக்... டக்... தலைக்கு மேல பூட்ஸ் சத்தம். மாடியில ஒவ்வொரு முகமா பாக்குறான். அவ இல்ல. இறங்கி வர்றான். கீழே வரிசையா பெண்கள், அந்தக் காலத்துப் பெரிய தொப்பி, முதுகு இவன் பக்கம். அதுல ஒரு தொப்பிக்கு அடியில லிடியா மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கா. அவனுக்குச் சந்தேகமே வரல. கறுப்பினப் பொண்ணாவது, கீழே உக்கார்றதாவது? வந்த வழியே போயிட்டான்.

 ஆராதனை முடிஞ்சதும் மூப்பர் பிளேக் எழுந்து எல்லார் முன்னாலயும் சொன்னார்... "அவன் ஊருக்குப் புதுசு. மாடியில போய்த் தேடுன்னு அவனுக்கு யார் சொன்னா? நம்ம வழக்கம் சொல்லுச்சு. அவளை என் வாயாலதானே மேலே அனுப்பப் பார்த்தேன்." சொல்லிட்டு அழுதார். முந்தின நாள் அழுத அழுகை இல்லைங்க இது.

அப்புறம் சபை நிஜமாவே உடைஞ்சுது. சில குடும்பம் கோவிச்சுக்கிட்டுத் தனிக்கோயில் கட்டிக்கிச்சு. மிச்சம் இருந்தவங்க கலந்து உக்காந்தாங்க. இது நான் கட்டின கதைதான், ஆனா அந்த மாதிரி மாடி அந்த நாட்டுல நிறையவே இருந்துச்சு. கோயிலுக்குள்ளயே சண்டை போட்டு, உடைஞ்சு, வெக்கப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாத் திருந்தித்தான் அந்த இளம் தேசம் வளர்ந்துச்சு. இன்னும் முழுசாத் திருந்தல, அது வேற விஷயம்.

என்ன, எல்லாரும் தலையாட்டுறீங்க? அமெரிக்காக்காரன் தப்புன்னா நமக்கு உடனே புரியுது. நம்ம கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு சுவர் நிக்குதே... அது என்ன சுவர்? ஒரே ஞானஸ்நானம், ஒரே அப்பம், ஒரே பாத்திரம். செத்தா மட்டும் சாதிக்கு ஒரு பக்கமா? கேட்டா, "வழக்கம். நாங்களா வெச்சோம்?"

சாதி மாறிக் காதலிச்சுக் கல்யாணம் பண்ணின பிள்ளைங்களை வெட்ட அரிவாளோட ஒருத்தன் வர்றானே, யார் வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம்னு அவனுக்குக் காட்டிக் கொடுக்கிறது யாரு? அந்தச் சுவர்தான்யா. நாம வருஷா வருஷம் வெள்ளையடிக்கிற அதே சுவர்தான்.

சுவரை எடுத்துடலாம்னு கேட்டதுக்கு, சபை உடைஞ்சிடும்னு நம்ம கமிட்டியில சொன்னாங்க. உடைய வேண்டியது எதுன்னு எனக்குத் தெரியும். ஆராதனை முடிஞ்சதும் நான் நேரா அங்கதான் போறேன். கடப்பாரை வண்டியில இருக்கு. தனியா இடிச்சா சாயங்காலம் ஆயிடும்... கூட யார் வர்றீங்க?