மூணு கிலோ வரைக்கும்

அக்கா — கண்ணாடியைக் குடுடி.

தங்கச்சி — இப்பதானே கிளினிக்ல பாத்த? தையல் பிரிச்ச இடம் அஞ்சு நிமிஷத்துல மாறிடுமா?

அக்கா — குடுன்னா குடு. பை போயிடுச்சு பாரு... கண்ணுக்குக் கீழ தொங்கிட்டிருந்த ரெண்டு பையும் போயே போச்சு.

தங்கச்சி — பை போயிடுச்சு. ஊதாவும் மஞ்சளும் வந்து குடியேறிடுச்சு.

அக்கா — அது ரத்தக்கட்டு. இன்னும் ஒரு வாரத்துல வடிஞ்சிடும்னு டாக்டரே சொல்லிட்டார்.

தங்கச்சி — தொடாத... கையை எடு.

டிரைவர் — அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க... யாராவது கை நீட்டிட்டாங்களா?

தங்கச்சி — நான்தான் அண்ணே. சொன்ன பேச்சே கேக்கல.

அக்கா — சும்மா இருடி, அவர் நம்பிடப் போறார். ஆபரேஷன் தம்பி, கீழ் இமையில. நான் பிரசவ வார்டு நர்ஸ், இருபத்திரெண்டு வருஷமா. குழந்தை நல்லபடியாப் பொறந்திருக்குன்னு சொல்லத்தான் வெளிய வருவேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள என் மூஞ்சியைப் பாத்துட்டு ஒப்பாரி வச்சிடுவாங்க. அழுது வீங்கின மாதிரியே ஒரு மூஞ்சி, என்ன செய்ய?

தங்கச்சி — போன மாசம் ஒரு மனுஷன் மயக்கம் போட்டே விழுந்துட்டார். அவருக்குத் தனியா ஒரு கட்டில் போட வேண்டியதாப் போச்சு.

டிரைவர் — அவங்களுக்காகவா இவ்வளவு கஷ்டப்பட்டீங்க?

அக்கா — அவங்களுக்காக இல்ல தம்பி. என் பொண்ணுக்குத் தலைப்பிரசவம். வலியில அவ நிமிர்ந்து பாக்கிறப்ப... என் மூஞ்சியைப் பாத்துப் பயந்துடக் கூடாது. அதான், தேதிக்கு ஒரு மாசம் இருக்கும்போதே போய்ப் படுத்துட்டேன்... என்னடி இருமல்?

தங்கச்சி — ஒண்ணுமில்ல... ஜன்னல் காத்து.

அக்கா — ஆமா, இது நம்ம வீட்டுக்குப் போற வழி இல்லையே.

தங்கச்சி — அங்க ரோடு வேலை நடக்குது. சுத்திக்கிட்டுப் போறோம். நீங்க ஓட்டுங்க அண்ணே.

அக்கா — மடியில என்ன, இவ்வளவு பெரிய பை?

தங்கச்சி — துணி... தைக்கக் கொடுக்கணும்.

அக்கா — ஓரத்துல எட்டிப் பாக்கிறது என் புடவையாட்டம் இருக்கு.

தங்கச்சி — அதுல கொஞ்சம் கிழிசல்.

அக்கா — எல்லாம் இந்த வாரம்தான் கிழியணுமா? உங்க மாமாவும் அப்படித்தான். ஊர் எல்லையைத் தாண்டாத மனுஷன், ஆபீஸ் பயிற்சின்னு வியாழக்கிழமை போனவர், இன்னும் ஆளைக் காணோம்.

தங்கச்சி — ஆபீஸ்னா அப்படித்தான்... அது சரி, என்னை வெளிய அனுப்பிட்டு டாக்டர்கிட்ட தனியா என்ன கேட்ட?

அக்கா — எத்தனை கிலோ தூக்கலாம்னு கேட்டேன். குனியாத, தூக்காத, ரெண்டு தலகாணி வச்சு நிமிர்ந்து படுன்னு ஒரு வாரமா நீ உயிரை எடுக்கிறியே. கனமா எதுவும் கூடாதாம். உக்காந்திருக்கும்போது யாராவது எடுத்துக் கையில கொடுத்தா, மூணு கிலோ வரைக்கும் பரவாயில்லையாம்.

தங்கச்சி — அப்பாடா... மூணெல்லாம் இல்ல, ரெண்டு எழுநூறுதான்...

அக்கா — எது?

தங்கச்சி — ...அரிசி.

அக்கா — அரிசியை யாருடி கையில எடுத்துக் கொடுப்பாங்க? சரி, கடைசியா நீ மட்டும் உள்ள போனியே, நீ என்ன கேட்ட?

தங்கச்சி — நீ இனிமே அழலாமான்னு கேட்டேன். தேய்க்காம, துணியால ஒத்தி எடுத்தா அழலாமாம்... அக்கா, கையைக் குடு. முதல்லயே சொல்லிடறேன், ஒரு குறையும் இல்ல, எல்லாரும் நல்லா இருக்காங்க. வியாழக்கிழமை விடியும்போதே அவளுக்கு வலி வந்திடுச்சு. சுகப்பிரசவம். மாமா அவகூடத்தான் இருக்கார். அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க, தையல் பிஞ்சிடும், பிரிக்கிற வரைக்கும் மூச்சு விடாத சித்தின்னு உன் பொண்ணுதான் சத்தியம் வாங்கிட்டா. பையில இருக்கிறது உன் புடவைதான். நேரா அங்கதான் போறோம்... அக்கா? திட்டணும்னா திட்டிடு.

அக்கா — அன்னிக்கு சாயங்காலம் அவ போன் பண்ணினா. பின்னாடி ஒரு சத்தம் கேட்டுச்சு. டிவின்னு சொன்ன நீ.

தங்கச்சி — ஆமா... டிவின்னேன்.

அக்கா — பொறந்து ஒரு நாள்கூட ஆகாத அழுகைடி அது. இருபத்திரெண்டு வருஷமா அதைத்தானே கேக்கிறேன்.

தங்கச்சி — அப்ப நாலு நாளா... நினைச்சு நினைச்சு கண்ணுல வைக்க ஐஸ் துணி கேட்டியே, அது...

அக்கா — அழுகை முட்டிக்கிட்டு வரும்போதெல்லாம் கேட்டேன். அவ வலியில துடிச்சப்ப பக்கத்துல இல்லையேன்னு ஒரு தடவை. அது நல்லா அழுதுச்சேன்னு ஒரு தடவை.

தங்கச்சி — அடிப்பாவி... தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?

அக்கா — கேட்டா அழுதிருப்பேன். அதோட நீங்க எல்லாரும் எனக்காக அவ்வளவு பாடுபட்டு நடிக்கிறீங்க, அதைக் கெடுக்க மனசு வரல... தம்பி, கொஞ்சம் வேகமாப் போங்க. அந்த அழுகையை வச்சே மூச்சு சீரா இருக்கு, தெம்பு இருக்குன்னு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன். ஒண்ணே ஒண்ணுதான்டி அதுல தெரியாது. அதை யார்கிட்டயும் கேக்க முடியாம நாலு நாளாத் தவிக்கிறேன்... பொண்ணா, பையனா?