ராஜகிரியில் எடுத்த கடைசிப் படம்

இருட்டறையில் கேமராவும் பிலிம் ரோலுமாக நான் தவித்துக்கொண்டிருந்தபோது நிலா மூன்றாம் முறையாகக் கதவைத் தட்டினாள்.

"இன்னா மாமா, உள்ளயே தூங்கிட்டியா?"

"ரீவைண்ட் ஆவுது, இரும்மா."

அறுபத்திரண்டு வயதாகிறது, சார். செஞ்சியின் முதல் கலர் ஸ்டுடியோக்காரனுக்கு ஒரு ரோலைப் பிடிக்கத் தெரியவில்லை.

முதல் ஸ்டுடியோ என்பதும் பாதிப் பொய். அது நிலாவின் அப்பா தேவேந்திரனுடையது. நான் அவனுக்கு லைட் பிடித்தவன். கல்யாண வீட்டார் என்னிடமே கேட்பார்கள்: "தேவேந்திரன் வராரா, இல்ல நீதானா?" நான் எடுத்தால் மாப்பிள்ளைக்குத் தலை இருக்காது. நியாயமான கேள்விதான்.

தொண்ணூற்றெட்டில் ராஜகிரி உச்சியில் அவனை நிற்கவைத்தேன். "மண்டபம் முழுசா வரணும், இன்னும் ரெண்டடி பின்னால போ" என்றேன். போனான். தொழில் விஷயத்தில் அவன் என் பேச்சைக் கேட்டது அன்று ஒருநாள்தான்.

படம் எடுக்கையில் நடந்த விபத்து என்று ஊரே என்னைத் தேற்றியது. அவன் மனைவி அமிர்தவல்லி அப்போது ஏழு மாதம். கேமராவை அவளிடமே கொடுத்தேன். "கடைசிப் படம் உள்ள இருக்குதும்மா. தொறந்துடாத, வெளிச்சம் பட்டா போயிடும். கழுவித் தரட்டுமா?"

"அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்லண்ணா."

இருபத்தேழு வருஷம் புடவையில் சுற்றி பீரோவில் வைத்திருந்தாள். போன மாதம் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

நேற்று கேமராவோடு நிலா வந்தாள். பழைய ரோல் கழுவுகிறவர் சென்னையில் இருக்கிறாராம். அப்பனை நேரில் பார்க்காத பெண். "நைனா கடைசியா சிரிச்சாரா, மொறைச்சாரா, அது தெரிஞ்சா போதும் மாமா" என்றாள். ரீவைண்ட் செய்து தருவதாக வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பழைய தாழ்ப்பாள். நாலாவது தட்டுக்குத் திறந்துகொண்டது. திறந்த கேமராவும், என் கையில் தொங்கிய பிலிமும், அதன்மேல் விழுந்த வெயிலும் அவள் கண்ணில் பட்டன.

"எங்க நைனாவ அழிச்சிட்டியே" என்றாள். நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் படத்தை வெளிச்சம் காட்டி அழித்தேனாம். அதில் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன், சார். நான் மட்டமான போட்டோகிராபர்தான்; எடுத்த படத்தைக் கெடுக்கும் அளவுக்கு மட்டமில்லை. அவள் பார்த்தது என் மேஜை டிராயரில் கிடந்த காலி ரோல். அதைக் கேமராவிலிருந்து உருவவில்லை, உள்ளே போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று கேமராவில் ரோலே இல்லை. விழப்போகிறவனுக்கு ஒரு பிரேமை வீணாக்குவானேன் என்று, போடாமலேதான் மலை ஏறினேன்.