காக்கா கட்டுரை

மாமி, எனக்குப் பென்சில் எப்போதும் கூராக இருக்க வேண்டும். முனை மழுங்கினால் எரிச்சலாக வரும். நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் பத்தாவது ஆண்டு மலருக்காக, ஒருவர் கட்டுரையை ஒருவர் திருத்தியதில் என்ன கற்றுக்கொண்டாய், இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்று கேட்டிருந்தீர்கள். எழுதிவிட்டேன். மலரில் போடலாமா என்பது கனகவல்லி மாமியாகிய உங்கள் பாடு.

1996. புனேயில், சிஞ்ச்வட்டில் நம் குடியிருப்பு சொசைட்டி ஹால். ஜமக்காளத்தில் பன்னிரண்டு பேர். "நான் திருத்தினா மார்க்குன்னு நடுங்கறேள். நீங்களே மாத்திப் படிங்கோ. புரியாத எடத்துல வட்டம் போடுங்கோ. வட்டம் போட்டதை எழுதினவா மாத்தியே ஆகணும்" என்றீர்கள். நல்ல முறை. இன்று ஆபீசிலும் அப்படித்தான் செய்கிறோம், அதற்கு ஒரு பெரிய பெயர் வைத்துக்கொண்டு.

எனக்கு ஜோடியாக ப்ரீத்தியைக் கொடுத்தீர்கள். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, வயது பதினைந்து, வகுப்பில் தமிழ்ப் புலி. ப்ரீத்தி புனேயிலேயே பிறந்தவள், பன்னிரண்டு வயது. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவள் அம்மா சரசா மாமிக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் படிக்க வராது. அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றுதான் வகுப்பில் சேர்ந்தேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். கெட்டிக்காரப் பெண். எனக்குப் பிடிக்கும்.

'நான் தினமும் பார்ப்பது' என்று தலைப்புக் கொடுத்தீர்கள். ப்ரீத்தி எழுதியது ஐந்தே வரி.

"காக்கா தினமும் ஒரு மணிக்கு வரார். காக்கா குடிச்சுட்டு வரார். அப்பறம் தூங்கறார். ஸ்ரீவத்சன் ஓட்டறான். எனக்கு பயம்."

மராத்தியில் சித்தப்பா, பெரியப்பா எல்லாருமே காக்காதான். பள்ளிக்கூட ஆட்டோ ரிக்‌ஷா ஓட்டுகிறவரையும் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும். காதில் விழுந்தபடி அவள் எழுதியிருந்தாள். எனக்கு முதல் வாசிப்பிலேயே எல்லாம் புரிந்துவிட்டது.

பிம்ப்ரியில் மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். காக்கா போசரி தொழிற்பேட்டைப் பக்கம் வண்டியைத் திருப்பி, பின் சீட்டில் ப்ரீத்திக்குப் பக்கத்தில் சாய்ந்து குறட்டை விடுவார். ஹேண்டில் என் கைக்கு வந்துவிடும். தகர ஷெட்டுகளுக்கு நடுவே அகலமான ரோடு, மதிய வெயில், முகத்தில் காற்று. பதினைந்து வயதில் அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறு கிடைத்ததில்லை. ப்ரீத்தி, ரிக்‌ஷா வேண்டாம் என்று வீட்டில் அழுதிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறாயா என்று சரசா மாமி அதட்டிவிட்டார். இப்போது கட்டுரையைப் பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கப்போகிறாள். வாசித்தால் என் ரிக்‌ஷா போச்சு.

எனவே வட்டம் போட்டேன்.

"காக்காவுக்கு 'வரார்' வராது. 'வரும்'னு எழுது."

"மத்லப், அப்டின்னா நம்ம ரிக்‌ஷா காக்கான்னு தெரியாதா?"

"தெரியும், தெரியும். தமிழ்ல அப்படித்தான் எழுதணும். அர்த்தம் ஒண்ணும் மாறாது."

நம்பினாள். நான் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே எழுதினாள்: "காக்கா தினமும் ஒரு மணிக்கு வரும். தண்ணீர் குடிக்கும். பிறகு மரத்தில் தூங்கும். ஸ்ரீவத்சன் ஓட்டினால் எனக்குப் பாவமாக இருக்கும்." என் பெயரைக்கூட நான் எடுக்கவில்லை, கவனியுங்கள். தேவைக்கு மேல் கை வைப்பது எனக்குப் பிடிக்காது.

கூட்டத்தில் அவள் ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். வாசித்து முடித்து அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். "வாயில்லா ஜீவன்னா எம்பொண்ணுக்கு உசுரு" என்று சரசா மாமி பூரித்துப் போனார். திருத்தினால் எவ்வளவு தெளிவு வருகிறது பாருங்கள் என்று நீங்களும் என் முதுகில் தட்டினீர்கள்.

அடுத்த வியாழக்கிழமை போசரியில், ஒரு கம்பெனி வாசலில் நின்ற டெம்போவின் பின்னால் ரிக்‌ஷா மோதிக் கவிழ்ந்தது. மூவரும் ரோட்டில் கிடந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஓடி வந்தவர்கள் காக்காவை மோந்து பார்த்தார்கள், பிறகு அடித்தார்கள். யார் ஓட்டியது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. காக்காவே தான்தான் ஓட்டினோம் என்று நம்பி, போலீஸ்காரர் காலைப் பிடித்து அழுதார்.

ப்ரீத்திக்குத் தாடை உடைந்துவிட்டது. தலையிலும் அடி. மறுநாள் ஆஸ்பத்திரியில் சாடை காட்டிப் பேப்பர் கேட்டாள். அம்மாவுக்காகத் தமிழில் இரண்டு சொல் எழுதினாள்: "காக்கா ஓட்டலை."

சரசா மாமி அந்த ஆளை ரிக்‌ஷாக்காரன் என்றே சொல்லிப் பழகியவர். பேப்பரை என்னிடம் நீட்டினார். "என்னடா எழுதியிருக்கா? ஒண்ணும் புரியலையே."

"அன்னிக்கு வாசிச்ச கட்டுரை மாமி. நான் காக்காவை ஓட்டக் கூடாதாம்."

மாமி குனிந்து அவள் நெற்றியைத் தடவினார். "யாரும் ஓட்ட மாட்டாடி கண்ணா. நீ தூங்கு."

ப்ரீத்தி என்னைப் பார்த்தாள். பேப்பருக்காகக் கையை நீட்டினாள். பேஷண்டை அலட்ட வேண்டாம் என்று நர்ஸ் மேரி பென்சிலை வாங்கி வைத்துவிட்டார். சனிக்கிழமை மதியம் ப்ரீத்தி போய்விட்டாள். காக்காவுக்கு இரண்டு வருடம் ஜெயில்.

அன்று ஹேண்டிலைப் பிடித்திருந்தது நான்தான். டெம்போவையும் பார்த்தேன், நெருக்கமாக ஒடித்துத் திருப்பலாம் என்று ஆசைப்பட்டேன். இதை நான் மறைத்ததாக யாரும் சொல்ல முடியாது. இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ப்ரீத்திக்கு மட்டும் இரண்டு முறை வாய்ப்புக் கிடைத்தது. 'ரிக்‌ஷா' என்று ஒரு சொல் சேர்த்து எழுதியிருந்தால் போதும், இன்று உயிரோடு இருந்திருப்பாள். பாவம், நான் எவ்வளவோ பாடுபட்டும் அவளுக்குத் தெளிவாக எழுத வரவே இல்லை.