கோட்டை விட்டவர்

— டார்ச்சை என் மூஞ்சிக்கு அடிக்காதீங்க மாப்ள. கீழ, அந்த மூடிகிட்ட.

— இங்கயா மச்சான்?

— இன்னும் உள்ள. கையை உள்ள விட்டாத்தான் வெளிச்சம் படும். வாஷிங் மெஷினு கடிக்காது.

— ம்.

— எத்தனை நாளா ஊறுது இந்தத் துணி? கதவைத் திறந்ததும் நாத்தம் மாடிப்படி வரைக்கும் வருது.

— சனிக்கிழமை போட்டேன்.

— ஒரு போன் பண்ணா நான் வந்திருக்க மாட்டேனா? நீங்க கீழ்வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லி, அந்தம்மா எங்க அம்மாகிட்ட சொல்லி, அம்மா எங்கிட்ட சொல்லி. மெஷின் ரிப்பேர் பண்ற அண்ணன் இருக்கேன், தங்கச்சி வீட்டு மெஷினு நின்னது எனக்கு ஊரைச் சுத்தி வருது.

— உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு...

— தொந்தரவா? இதை முதுகுல வச்சு மூணு மாடி ஏத்தினவனே நான்தான். நம்ம எலி, என் தங்கச்சி, கீழ நின்னுக்கிட்டு, "அண்ணே, செவுத்துல இடிச்சுடாத, பெயிண்ட் போயிடும்"னு கத்தறா. அண்ணன் இடுப்பு போனா அவளுக்குக் கவலை இல்ல. லிப்ட் இருக்குன்னு எப்பச் சொன்னாங்கறீங்க? ஏத்தி வச்சப்புறம்!

— தெரிஞ்சேதான் சொல்லலை.

— தெரிஞ்சேதான். வாயை மூடிக்கிட்டு ஒரு பக்கமாச் சிரிச்சா பாருங்க, அப்பவே நினைச்சேன். அவ யாருக்காவது குழி தோண்டினா அந்தச் சிரிப்புதான். சின்னதுல இருந்தே. என் சட்டைப் பையில கரப்பான்பூச்சியை விட்டுட்டு அதே சிரிப்பு.

— ஆட்டத்துலயும்.

— ஆமா. பக்கெட்டை வைங்க. தண்ணி வடியட்டும். அது வடியற வரைக்கும் நான் என்ன கேக்கறேன்னா...

— கேளுங்க.

— போன்ல நம்ம ஆடற கோட்டை ஆட்டத்துல எலியோட கோட்டையைப் புடிச்சது யாரு?

— நான்தான்.

— நீங்கதான்னு தெரியும். நீலக்கொடி வேற யாருக்கு இருக்கு? உங்க வாயால வரட்டும்னு கேட்டேன்.

— சொல்லணும்னுதான் இருந்தேன்.

— நான் என்ன கேக்கறேன்னா, எப்படி மனசு வந்துச்சு? மூணு பேரு ஆட்டம், மூணு கோட்டை. அவ முறை, அப்புறம் உங்க முறை, அப்புறம் என் முறை. அவ ஆஸ்பத்திரியில படுத்ததுல இருந்து அது அப்படியே நிக்குது. காலையில கடை ஷட்டரைத் தூக்கினதும் முதல் வேலையா அதைத்தான் திறந்து பாப்பேன். "காத்திருக்கவும்"னு வரும். அவ முறையிலதான் நிக்குதுன்னு விட்டுட்டேன். நிக்கட்டுமே. அவ இன்னும் எங்கயோ உக்காந்து யோசிச்சுக்கிட்டு இருக்கற மாதிரி எனக்கு ஒரு இது.

— எனக்குத் தெரியாது, மச்சான்.

— போன வாரம் திறக்கறேன். மேளம், பூமழை. "நீலம் வென்றது." ரெண்டு கோட்டை யார்கிட்டயோ அவங்க ஜெயிச்சாச்சு. கஸ்டமர் முன்னாடி போனைக் கீழ போட்டுட்டேன். உயிரோட இருந்தப்ப வார்டுக்குள்ள வராத ஆளு, செத்தப்புறம் அவ கோட்டைக்குள்ள போயிருக்காரு. தப்பாச் சொல்றேனா? நாங்கல்லாம் கட்டிலைச் சுத்தி நிக்கறோம். நீங்க காரிடார் பெஞ்சுல. அதையாவது பொறுத்துக்கலாம். கடைசியா அவ உங்ககிட்டக் கேட்டது என்ன? "ஏன் உள்ள வரலை?" அவ்வளவுதான். அம்மா பக்கத்துல உக்காந்திருந்துச்சு. அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி இன்னைக்கும் சோத்துல கை வைக்க மாட்டேங்குது. அதுக்கு நீங்க பதில்கூடச் சொல்லாம டீ வாங்கப் போயிட்டீங்க.

— ஆமா. போயிட்டேன்.

— சண்டைக்காவது வாங்களேன் மாப்ள. ஆமா ஆமான்னா நான் யாரைத் திட்டறது?

— கோட்டை காலியா இருந்துச்சு, மச்சான்.

— என்னது?

— அவ கோட்டை. வாசல்ல ஒருத்தனும் இல்லை. அதான் போக முடிஞ்சுது.

— எலி கோட்டை காலியா? யார்கிட்டச் சொல்றீங்க? "ஒருத்தனையாவது உள்ள விட்டுட்டுத்தான் வெளிய கிளம்பணும்"னு நமக்குப் பாடம் எடுத்தவளே அவதான். நான் படகுல சுத்தி வந்து பின்பக்கமா ஏறி ஜெயிச்சேனே, அந்த ஒரே தடவைதான் அவ அசந்தா. அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. அதுக்கப்புறம் அவ வாசல்ல ஆள் குறைஞ்சு நான் பாத்ததே இல்ல.

— நானும் பாத்ததில்லை.

— அப்போ நான் என்ன கேக்கறேன்னா... அவ போனு உங்ககிட்டதானே இருக்கு?

— இருக்கு.

— அவ போன்ல இருந்து ஆளை எல்லாம் வெளிய தள்ளிட்டு, உங்க போன்ல இருந்து உள்ள நடந்துட்டீங்க. அதானே? ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத மனுஷன். ஜெயிக்கணும்னு இருந்தா எங்கிட்டக் கேட்டிருந்தா நானே என் கோட்டையைக் கொடுத்திருப்பேனே.

— அதை நான் தொடலை.

— அம்மா அந்தப் போனை வாங்கிட்டு வரச் சொல்லிச்சு. போட்டோ இருக்காம். குடுத்துடுங்க. இதை முடிச்சுட்டு நான் கிளம்பறேன். இனிமே மெஷினு நின்னா வேற ஆளைப் பாத்துக்கங்க. கொடுக்கல் வாங்கல் எதுவும் வேணாம் நமக்குள்ள.

— அலமாரியில இருக்கு. ஆஸ்பத்திரிப் பைக்குள்ள. எடுத்துக்கங்க.

— எந்தத் தட்டு?

— கீழ்த்தட்டு. அவ புடவைக்குப் பின்னாடி.

— இதுவா? இதுல வார்டு சீட்டு கட்டினபடியே இருக்கு!

— பிரிக்கலை.

— ஜிப்பைக்கூடத் திறக்கலையா? இறுகிப்போயிருக்கு. இந்தா போனு. சார்ஜ் செத்துக் கிடக்கு. சீப்பு... கண்ணாடி... சரி, மூடிடறேன்.

— மூடிடுங்க.

— மாப்ள, நான்... சரி விடுங்க. வாய் நீளம் எனக்கு. அவ போன்ல நீங்க ஆடலை, ஒத்துக்கறேன். அப்போ எதுக்குத்தான் அந்த ஆட்டத்தைத் திறந்தீங்க?

— துணி போட்டேன். மெஷின் பாதியில நின்னுது. என்ன பண்றதுன்னு தெரியலை. இதெல்லாம் அவதான் பாத்துப்பா. இங்கயே தரையில உக்காந்தேன். போனை எடுத்தேன். "உங்கள் முறை"ன்னு இருந்துச்சு.

— ம்.

— எப்பவும் போல அவ வாசல் வரைக்கும் போனேன்.

— எப்பவும் போல. பத்து முறை வெளிய நின்னு சுத்திச் சுத்தி வருவீங்க, உள்ள போகமாட்டீங்க. அதுக்குள்ள அவ பின்னாடி வந்து உங்க கோட்டையை வாரிக்கிட்டுப் போயிடுவா.

— "தைரியம் இருந்தா உள்ள வாங்க பாக்கலாம்"னு சமையல்கட்டுல இருந்து கத்துவா. வரமாட்டேன். ஆட்டம் முடிஞ்சதும், "மறுபடியும் கோட்டை விட்டீங்களா?"ன்னு கேப்பா.

— இந்தத் தடவை போனீங்க.

— போனேன். மேளம் அடிச்சுது. "ஏய், புடிச்சிட்டேன்!"னு கத்திட்டேன்.

— யாருகிட்ட?

— உள்ரூமைப் பாத்து. அப்புறம் அந்த மேளத்தை நிறுத்தத் தெரியலை. தலகாணிக்கு அடியில வச்சு அழுத்தினேன். பூமழை முடிஞ்சுதான் நின்னுது. ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்தேன், மச்சான். புடிச்சதுகூட இல்லை. அந்தச் சந்தோஷத்தைத்தான் யார் முகத்துலயும் முழிச்சுச் சொல்ல முடியலை. உங்களுக்குப் போன் பண்ணாததும் அதுக்குத்தான்.

— இருங்க, என்னமோ கையில தட்டுது. வந்துடுச்சு. இதுதான் தண்ணியை வெளிய தள்ளற பம்பை நிறுத்தியிருக்கு.

— என்ன அது?

— ஊக்கு. எலியோடதுதான். துணியைப் போடறதுக்கு முன்னாடி பையைப் பாரு, முந்தானையைப் பாருன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டாத்தானே. இந்தாங்க.

— அங்க வைங்க.

— கையில வாங்குங்க மாப்ள. துருப்புடிக்கலை.

— ம்.

— நான் என்ன கேக்கறேன்னா... நில்லுங்க, நில்லுங்க. நீங்க திறந்தப்ப "உங்கள் முறை"ன்னு இருந்துச்சுன்னீங்களே?

— ஆமா.

— அவ முறை முடிஞ்சாத்தானே உங்க முறை வரும்? எனக்கு "காத்திருக்கவும்"னுதான் காட்டும், யாருக்காகன்னு காட்டாது. நான் பாட்டுக்கு அவளுக்குன்னு நினைச்சுட்டேன். அவளுக்கு இல்ல மாப்ள. இத்தனை நாளும் அது உங்களுக்காக நின்னிருக்கு. அவ ஆடி முடிச்சுட்டா.

— எப்ப ஆடினா? ஆஸ்பத்திரிக்குப் போனதுல இருந்து நான் அதைத் திறக்கவே இல்லை.

— பாத்துடலாம். உங்க போனைக் கொடுங்க. ஆட்டம் முடிஞ்சா அடுத்தவங்க ஆளை மறைக்கற பனிமூட்டம் விலகிடும், எல்லாரும் ஆடினதைத் திரும்ப ஓட்டலாம். அவதான் எனக்குக் காட்டினா. நான் எங்க சொதப்பினேன்னு உக்காரவச்சுக் காட்டிட்டு, அதையே மூணு தடவை ஓட்டுவா, கழுதை.

— நீங்க பாருங்க. நான் பாக்கலை.

— தள்ளி நிக்காதீங்க. இங்க வாங்க. இந்தா, மஞ்சள் நகருது, எலியோட ஆளுங்க. முதல் ஆளு... ஆத்தோரம். என் பக்கம். ரெண்டாவது ஆளு, என் பக்கம். மூணாவது, என் பக்கம். அடிப்பாவி, நான் படகு ஏறிடக்கூடாதுன்னு கரை முழுக்க ஆளை நிறுத்தறா.

— வாசல்ல?

— குறைஞ்சுக்கிட்டே வருது. வில்லுக்காரனும் போயாச்சு. இன்னும் ஒருத்தன்தான்... அவனையும் எடுத்துட்டா.

— மறந்திருப்பா. மருந்து மயக்கம்.

— மயக்கத்துல ஒவ்வொருத்தனா எடுத்து, ஒவ்வொருத்தனையும் என் பக்கமே நிறுத்துவாளா? கடைசியா என்ன பண்றா பாருங்க. கதவு. உங்களைப் பாத்த கதவைத் திறந்து வச்சுட்டு முறையை முடிக்கறா. உங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கா மாப்ள. ஒரு தடவையாவது நீங்க ஜெயிக்கணும்னு.

— என்னைக்கு அது?

— மேல போட்டிருக்கு. செவ்வாய்க்கிழமை. காலையில.

— எந்தச் செவ்வாய்?

— தொண்டையில குழாய் வச்சாங்களே, அதுக்கு முந்தின நாள். குழாய் வச்சப்புறம் அவ எங்க பேசினா.

— ரிப்போர்ட் வந்த அன்னைக்கு.

— அன்னைக்குத்தான். ஏன்? மாப்ள, அங்க உக்காராதீங்க, தண்ணி. பேண்ட் எல்லாம் நனையுது. என்ன ஆச்சு?

— நான் வார்டு வாசல்ல நின்னேன், மச்சான். கையில ரிப்போர்ட் கவர். உள்ள போனா என் மூஞ்சியைப் பாத்தே படிச்சுடுவான்னு நின்னேன். என்னைப் பாத்ததும் "பாத்தீங்களா?"ன்னு கேட்டா.

— ரிப்போர்ட்டையா?

— அப்படித்தான் நினைச்சேன். "பாத்துட்டேன்"னு சொன்னேன்.

— ம்.

— அதுக்கப்புறம்தான் கேட்டா, "அப்புறம் ஏன் உள்ள வரலை?"ன்னு.

— மாப்ள. அப்ப அவ கையில போன் இருந்துச்சா?

— இருந்துச்சு. நெஞ்சு மேல வச்சிருந்தா.

— அம்மாவுக்கு அவ முகம் தெரியலையாம். வாசல் பக்கமாத் திரும்பிப் படுத்திருந்தாளாம். குரலை வச்சுத்தான் சொல்லுது, வெறுத்துப்போய்க் கேட்டான்னு. நீங்கதான் எதிர்ல நின்னீங்க. நீங்க சொல்லுங்க, வெறுத்துப்போயா கேட்டா?

— இல்லை, மச்சான். ஒரு பக்கமாச் சிரிச்சுக்கிட்டுக் கேட்டா.