ஐஸ் பெட்டியில நேத்து விலை

— வெரல எடு கொடி, வேலைய விடுதேன்னு எழுதின அந்த மெயில அனுப்பாத.

— அனுப்பாம இன்னா பண்ண சொல்ற, ஷிஜி? காலைல இருந்து காசிமேட்டுக்காரங்க போன் மேல போன். வஞ்சிரம் இன்னிக்கு எங்கயோ ஏறிப்போச்சி. நம்ம மீன் விலை சைட்டுல நேத்து விலையே நின்னுகினு கீது. அத்த நம்பி வேன் எட்த்துகினு வந்தவனுங்க ஏலத்துல சண்ட போட்டுகினானுங்களாம்.

— தவசிமுத்து அண்ணாச்சி என்ன சொன்னாரு?

— சாய்ந்தரத்துக்குள்ள சரியாவலன்னா சைட்ட வேற ஆளுகிட்ட குட்த்துடுவாராம்.

— அவரு எங்க அப்பாவுக்கு ஊர்க்காரரு, நான் பேசிக்கிடுதேன். நீ நிதானமாப் பாரு, கேட்டியா.

— நிதானமா பாத்தா மட்டும் புரிஞ்சிடுமா? மதி பொறந்து, அவள ஸ்கூல்ல சேத்து நிமுந்து பாக்கறதுக்குள்ள இந்தத் தொயிலே வேற ஆளா மாறிப்போச்சி. தோஸ்துன்னு நீ கூப்ட்டு வேல குட்த்த. வந்த மொத வேலையே கலீஜா பூட்ச்சி. மெய்யாலுமே எனக்கு இப்போ ஒண்ணும் தெரியல மே.

— அழுவுதத அப்புறம் வச்சிக்க. எர்ரர் மெசேஜ கடைசி வரி வரைக்கும் படிச்சியா?

— எர்ரரே வரலியே. அதான் பேஜாரு.

— வேற போன்ல தொறந்து பாத்தியா?

— புது போன்ல இன்னிக்கு விலை சரியா காட்டுது. நேத்தே சைட்ட தொறந்த போன்ல மட்டும் பயசு.

— ஏட்டி, இப்ப சொன்னேல்லா, அதையே ஒரு வரியா எழுதி அந்தக் கேள்வி பதில் சைட்டுல தேடு. நமக்கு வாரது ஒலகத்துல எவனுக்காவது முந்தியே வந்திருக்கும்.

— தேடிகினு தான் கீறேன்... இதோ ஒண்ணு. கேட்டவன் பொலம்பல் அப்டியே என் பொலம்பல். பல வருசத்துக்கு மின்னாடி கேட்டது.

— பதில் இருக்கா?

— கீது. அய்ய... இன்னாடா இது!

— என்ன? வாய்விட்டுப் படி.

— இங்கிலீஷ்ல தான் கீது, ஆனா பக்கத்துல ஒக்காந்து பேசறா மாரியே கீது. ‘மொதல்ல தண்ணி குடி. நீ முட்டாள் இல்ல. இந்த எடத்துல எல்லாருக்கும் சறுக்கும்’னு ஆரம்பிக்குது.

— மேல?

— ‘நெட்டு இல்லாதப்பவும் சைட்டு தெரியட்டும்னு போனுக்குள்ள ஒரு ஐஸ் பெட்டி வெச்சிருக்க. தப்பில்ல. ஆனா மீனு கேட்டு வர்றவனுக்கெல்லாம், கடலுக்கே போவாம, பெட்டில இருந்தே எட்த்துக் குடுக்கற. படம், கலரு, எய்த்து எல்லாம் பெட்டில இருந்தே குடு, அது கெடாது. விலைக்கு மட்டும் ஒவ்வொரு வாட்டியும் கடலுக்குப் போ. கடலுக்குப் போவ முடியலன்னா தான் பெட்டிய தொற. தொறந்தா, இது எப்போ புட்ச்சதுன்னு சொல்லிட்டுக் குடு.’

— யம்மாடி!

— அவ்ளோ தான் ஷிஜி! நானும் வீடியோ மேல வீடியோ பாத்தேன், தடித்தடியா எத்த எத்தயோ படிச்சேன். ஒருத்தனும் இத்த இப்டி சொல்லல. கீய புரோகிராம் கோடும் எய்திப் போட்டுகீறான் பாரு, எத்தினி சின்னது!

— வெள்ளக்காரனுக்கு ஐஸ் பெட்டி வெசயமெல்லாம் எப்படித் தெரியும்?

— நார்வேக்காரனா இருப்பான். அங்கயும் மீன் புடிக்கறவனுங்க தான?

— பேரு என்ன போட்டிருக்கு?

— பேரு இல்ல. யூசர்னு போட்டு பக்கத்துல நீளமா ஒரு நம்பரு. நன்றி சொன்னவங்கள பாரேன்! பிரேசில்காரன் ஒருத்தன். கென்யாக்காரி ஒருத்தி, ‘இன்னிக்கி வேலைய வுட்டுடலாம்னு இருந்தேன், இதப் படிச்சதும் வுடல’ன்னு எய்திகீறா.

— காசு வாங்காமலயா இவ்வளவும் செஞ்சிருக்கான்?

— அஞ்சு பைசா கெடயாது. எங்கயோ ஒக்காந்துகினு, மூஞ்சி தெரியாத ஒருத்தனுக்காக இப்டி மெனக்கெட்டுகீறான். எனக்கு ஒடம்பே சிலிர்க்குது மே.

— சிலிர்த்தது போதும், கோட மாத்து.

— மாத்திகினே தான் பேசறேன். ஆங், ஏத்திட்டேன். உன் போன்ல தொற. அதுல பயசு தான இருந்துச்சி?

— ஆமா. சுத்துது... சுத்துது... ஏட்டி! புது விலை வந்துட்டு!

— மெய்யாலுமா?

— இந்தா, நெட்ட அணைச்சிட்டுப் பாக்கேன். இப்பவும் தெரியுது! எப்ப எடுத்த விலைன்னு நேரமும் போட்டிருக்கு. கொடி, பிரமாதம் போ! அண்ணாச்சிக்கு இப்பமே போன் போடுதேன்.

— போடு. நான் அந்த மெயில அனுப்பிடறேன்.

— என்னது? அதான் சரியாயிட்டே!

— சரி பண்ணது நானா? அந்த நம்பருக்காரன். நான் சொம்மா பாத்து எய்துனேன். இத்த படிச்சப்பறம் தான் தெளிவாச்சி. இந்த வேலைக்குன்னு ஒரு மூள வோணும். அது அவன்கிட்ட கீது, என்கிட்ட இல்ல.

— லூசு மாதிரி பேசாத.

— கோவத்துல சொல்லல ஷிஜி, சந்தோசமா தான் சொல்றேன். இப்டி ஒருத்தன் இருக்கான்னு பாத்ததே போதும், காலடிப்பேட்டைக்கு நிம்மதியா வூடு போய் சேருவேன். போறதுக்கு மின்னாடி அவனுக்கு ஒரு ஓட்டு மட்டும் போட்டுடறேன். பதிலுக்குப் பக்கத்துல அம்புக்குறி கீது பாரு, அத்த தட்டுனா நல்லா சொன்னேன்னு அர்த்தம். வேற இன்னா குடுக்க முடியும் அவனுக்கு?

— லாகின் கேக்குமே.

— என் பயய அக்கவுண்ட் ஒண்ணு கீது. மதி வயித்துல இருக்கறப்போ தொறந்தது, அப்பால அந்தப் பக்கமே போவல. பாஸ்வேர்டு... ஆங், உள்ள போயிட்ச்சி. தட்டிட்டேன்.

— விழுந்துட்டா?

— இல்லியே. அம்புக்குறி அப்டியே கீது. சேப்பா இன்னாவோ எய்தி வருது.

— என்னன்னு படி.

— ‘நீங்கள் எழுதிய பதிலுக்கு நீங்களே ஓட்டுப் போட முடியாது’ன்னு வருது, ஷிஜி.